இசக்கிராஜாவின் வயிறு

எங்கள் பக்கம் ஒருவரை வழியில் பார்த்தால் முதலில் கேட்பது "சாப்டாச்சா?" என்றுதான். கல்யாண வீட்டில் கேட்போம், சாவு வீட்டில் கேட்போம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருப்பவனிடமும் கேட்போம். சாப்பிட்டது என்ன ஆயிற்று, ஒழுங்காக வெளிக்குப் போனாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் அசிங்கம். இசக்கிராஜா என்ற முப்பத்தோரு வயது ஆள், இந்த அசிங்கமான கேள்வியை யாரும் கேட்காததால் செத்துப்போனான். கேட்காதவர்களில் முதல் ஆள் நான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் சிவசைலம். அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக நிற்கிறேன். உத்தியோகப் பெயர் மருந்தாளுநர், ஊருக்குக் கம்பவுண்டர். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். முக்கூடலுக்குப் பக்கம், தாமிரபரணித் தண்ணீர் வரும் கால்வாய் ஒன்று ஊரை ஒட்டி ஓடும், அது போதும். எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது. நிலம் போய் உத்தியோகம் வந்தது. உத்தியோகத்தோடு ஒரு கர்வமும் வந்தது. எதையும் விதிப்படி செய்கிறவர்கள் என்ற கர்வம். என் பங்குக்கு அது கொஞ்சம் தூக்கலாகவே வந்துவிட்டது.

என் ஜன்னலுக்கு ஒரு சட்டம் உண்டு. அரசாங்கம் போட்டதல்ல, நான் போட்டது. வியாழக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து மனநல டாக்டர் வருவார். அவர் எழுதுகிற மாத்திரையை மாசத்துக்கு ஒருமுறை என்னிடம் வாங்க வேண்டும். வாங்க வருகிறவர்கள் போன மாசத்துக் காலி அட்டைகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எண்ணிப் பார்ப்பேன். மாத்திரை மிச்சம் இருந்தால் முதலில் வசவு, பிறகுதான் மருந்து. முன்பெல்லாம் பாதிப் பேர் நாலு நாள் கொடுத்துவிட்டு மீதியைச் சாக்கடையில் போட்டுவிடுவார்கள். அப்புறம் பிள்ளையைக் கயிற்றால் கட்டி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் போட்ட சட்டம் அது. டாக்டரே ஒரு கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை ஆறு மாசம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சட்டத்தை ஒரு தடவைகூட மீறாத ஒரே ஆள் பேச்சித்தாய். இசக்கிராஜாவின் அம்மா.

இசக்கிராஜாவுக்கு அரசாங்கம் கொடுத்த அட்டையில் அறிவுசார் குறைபாடு என்று அச்சடித்திருக்கும். ஊரில் வேறு பெயர்கள் சொல்வார்கள், அவற்றை எழுத எனக்கு மனமில்லை. அவனுக்குப் பேச்சு ஏழெட்டு வார்த்தைதான். யப்பா, யம்மா, பழம், வண்டி, தா, வேண்டாம், பிறகு ஒரு கெட்ட வார்த்தை. மற்றதெல்லாம் குழறும், கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாக வரும். வேலையற்ற பயல் எவனோ சொல்லிக் கொடுத்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு வருகிற பஸ்ஸுக்கெல்லாம் கையைத் தூக்குவான். டிரைவர்களுக்கு அவனைத் தெரியும், ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள்.

பேச்சித்தாய் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவள். அவள் சுற்றிப் போடுவதைக் கட்டாகச் சேர்ப்பது அவன் வேலை. ஒரு கட்டுக்கு இருபத்தைந்து. மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாதவன், கைக்குள் பிடித்துப் பார்த்து நூலைச் சுற்றினால் இருபத்தைந்துதான் இருக்கும். பீடிக்கடைக்காரர் நம்பாமல் பல தடவை பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பக் கட்டியிருக்கிறார்.

அவனுடைய அப்பா இசக்கியப்பன் வாழைத் தோட்டங்களுக்குக் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். விடிந்ததும் அப்பன் தோளில் ஒரு துண்டு, மகன் தோளில் ஒரு துண்டு, இரண்டு பேரும் கால்வாய்க் கரைக்குப் போவார்கள். முதலில் வெளிக்கு, பிறகு குளியல். திரும்பும்போது இசக்கிராஜா கையில் இரண்டு பழம் இருக்கும், ஒன்றை உரித்தபடியே வருவான். காலை நடைக்குப் போகும் நான் இதை வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மழை வந்தாலும், கோயில் கொடை வந்தாலும், எலெக்‌ஷன் வந்தாலும் அது மாறாது. அவன் உடம்பு அந்த நேரத்துக்கும் அந்த இடத்துக்கும் அப்பாவின் கூட்டுக்கும் பழகியிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் வாழைத்தார் ஏற்ற வந்த லாரி பின்னால் எடுத்ததில் இசக்கியப்பன் போய்ச் சேர்ந்தார். அடுத்த நாள் காலையில் இசக்கிராஜா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அதற்கடுத்த நாளும் நின்றான். பத்தாவது நாள் தனியாகக் கிளம்பிப் போய்விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்க் கரைக்கு விசில் படை வந்திருந்தது. திறந்த வெளியில் உட்காரக் கூடாது, வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டியாயிற்று, மீறி உட்கார்ந்தால் விசில் ஊதி விரட்டுவது என்று ஏற்பாடு. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இசக்கிராஜாவுக்கு அதை யார் விளக்கினார்கள்? குந்தியிருந்தவன் காதுக்குப் பக்கத்தில் ஒருத்தன் போய் விசிலை ஊதியிருக்கிறான். இவன் எழுந்து ஒரு அறை விட்டான். ஊதியவனுக்குக் கடைவாய்ப் பல் ஆடிப்போயிற்று. போலீஸ் வந்தது, ஊர் கூடியது. "கட்டிப் போடு, இல்லாட்டி எங்கயாவது கொண்டு சேத்துடு" என்று பேச்சித்தாயிடம் சொன்னார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். எனக்கு உதவி செய்கிற குணம் உண்டு பாருங்கள், முன்னால் வந்து சொன்னேன்: "கட்டவும் வேண்டாம், சேக்கவும் வேண்டாம். வியாழக்கிழம எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. நல்ல மாத்திர இருக்கு."

நல்ல மாத்திரைதான். கோபத்துக்கு ஒன்று. அந்த மாத்திரையால் கை நடுங்கும், எச்சில் வடியும், அதற்கு இன்னொன்று. ரத்தம் எடுத்துப் பார்த்து, சத்துக் குறைவு என்று இரும்பு மாத்திரை மூன்றாவது. இந்த மூன்றுமே மலத்தைக் கட்டுகிறவை. தனித்தனியாகவே கட்டும், சேர்ந்தால் கேட்க வேண்டாம். இதை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். மூன்றையும் ஒன்றாக ஜன்னல் வழியாக நீட்டியபோது அதில் ஒரு வார்த்தைகூட என் வாயில் வரவில்லை. "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ரெண்டு. விடாமக் குடு. காலி அட்டையைக் கொண்டா." இவ்வளவுதான் சொன்னேன்.

இரண்டு மாசத்தில் ஆள் அடங்கிவிட்டான். ஊர் முழுக்கச் சந்தோஷம். பஸ் நிறுத்தத்துக்குப் போவது நின்றது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான், முகம் ஊதி, வாய் லேசாகத் திறந்து. பீடிக் கட்டில் இருபத்தொன்று இருந்தது, முப்பது இருந்தது. பேச்சித்தாய் தானே எண்ணிக் கட்ட ஆரம்பித்தாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. "சத்தமில்லாம இருக்கான்யா, அது போதும்" என்றாள். டாக்டரும் போதும் என்றார். நானும் போதும் என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் வீட்டிலும் கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நாலடிக்கு நாலடி. கதவைச் சாத்தினால் உள்ளே இருட்டு. இசக்கிராஜா பயந்து கத்துவான். பேச்சித்தாய் கதவைத் திறந்து வைத்து ஒரு பழைய சேலையை மறைப்பாகத் தொங்கவிட்டாள். விடிந்ததும் உள்ளே ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அவனை அனுப்பிவிட்டு, திரும்பி நின்றுகொள்வாள். வளர்ந்த ஆண்பிள்ளை, பெற்ற தாயானாலும் எட்டிப் பார்க்கலாமா? அவன் வெளியே வந்ததும் வாளியைப் பார்ப்பாள். தண்ணீர் குறைந்திருந்தால் போய்விட்டான் என்று அர்த்தம். தினமும் குறைந்துதான் இருந்தது. அவளுடைய கணக்கு முழுவதும் அந்த வாளிதான். அந்த வாளியைப் பற்றி எனக்குத் தெரியவே மூன்றரை வருஷம் ஆயிற்று.

போன வருஷம் சித்திரைக்குப் பிறகு அவன் மறுபடி முரண்டு பிடிக்க ஆரம்பித்தான். தன் வயிற்றில் தானே குத்திக்கொள்வான். கையைக் கடிப்பான். ஒருநாள் பேச்சித்தாய் மடியில் பீடி சுற்ற வைத்திருந்த சொளகை எத்திவிட்டான், அன்றைக்குச் சுற்றிய பீடியெல்லாம் மண்ணோடு போயிற்று. விடிந்ததும் அப்பாவின் துண்டைத் தேடி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றுகொண்டான். இழுத்தாலும் உள்ளே வர மாட்டான். பேச்சித்தாய்க்கு அதைப் பார்த்து அழுகை. செத்த அப்பனைத் தேடுகிறான் என்று நினைத்தாள். ஊரும் அப்படித்தான் சொன்னது. ஒரு காலையில் நடைக்குப் போன நானும் பார்த்தேன். "என்ன மருமவனே, துண்டெல்லாம் போட்டு எங்கன பயணம்?" என்று கேலி பண்ணினேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நெற்றியெல்லாம் வியர்வை. மணி ஆறரைகூட ஆகவில்லை.

அவன் அப்பனைத் தேடவில்லை. என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வெளிக்கு வரவில்லை, வலிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னான். நாங்கள் எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள். எங்களுக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை பேச்சித்தாய் டாக்டரிடம் சொன்னாள்: "பழையபடி ஆரம்பிச்சிட்டான்யா. அடிக்கான், கடிக்கான்." டாக்டரையும் முழுக்கத் திட்ட முடியாது. ஒரு காலைப்பொழுதில் எண்பது பேரைப் பார்க்கிறவர். கோபத்துக்கான மாத்திரையை இரட்டிப்பாக எழுதினார். வலியால் அடித்தவனுக்கு, அந்த வலியை உண்டாக்கிய மாத்திரையையே இன்னொரு மடங்கு. நான் காலி அட்டைகளை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. இரண்டு மடங்காக எடுத்துக் கொடுத்தேன்.

ஆடி மாசம் பிறந்து ஒரு திங்கட்கிழமை. திங்கள் என்றால் ஜன்னலில் திருவிழாக் கூட்டம். பேச்சித்தாய் வரிசையில் வந்து நின்று, யாருக்கும் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஐயா, ராசாவுக்கு வயித்தால போவுது."

"எத்தன நாளா?"

"நாலஞ்சு நாளா. கட்டியிருக்க சாரமெல்லாம் பாழாக்குதான். தண்ணி தண்ணியா கசிஞ்சிட்டே இருக்கு. பீடி இலையில பட்டுட்டுன்னா கடையில எடுக்க மாட்டாங்கய்யா."

"டாக்டர்ட்ட சீட்டு வாங்கிட்டு வா."

"நூறு பேரு நிக்காங்க. அவன வீட்டுல தனியா விட்டுட்டு வந்திருக்கேன். நீங்களே ஒண்ணு குடுங்களேன்."

கசிகிறது என்று அவள் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் என் இருபத்தாறு வருஷ அனுபவம் விழித்திருக்க வேண்டும். மடையில் சகதி அடைத்துக்கொண்டால் ஓரமாகத் தண்ணீர் கசியும். கசிகிற தண்ணீரைப் பார்த்து மடை திறந்திருக்கிறது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். இசக்கியப்பன் இருந்திருந்தால் அவருக்கே விளங்கியிருக்கும். நான் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரையில் ஒரு அட்டையை எடுத்து நீட்டினேன். அடைத்துக் கிடந்த குடலுக்கு மேலே ஒரு பூட்டும் போட்டேன். சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரைகூடத் தராத ஆள் என்று பெயர் எடுத்தவன் நான். அன்றைக்கு ஒரே ஒருநாள் விதியை மீறினேன். அதையும் இரக்கம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

வீட்டில் பேச்சித்தாய் தன் பங்குக்கு வைத்தியம் பார்த்தாள். பழத்தை நிறுத்தினாள். கீரையை நிறுத்தினாள். தண்ணீரை ஒரு செம்பாகக் குறைத்தாள். குடித்தால்தானே கசியும்? இலையைப் பாழாக்காமல் இருக்க அவனை மூலையில் சாக்கு விரித்து உட்கார வைத்தாள். வாழை விளைகிற ஊரில், வாழைத் தோட்டத்தில் உழைத்துச் செத்தவன் மகனுக்கு, ஒரு மாசம் ஒரு பழம் கிடைக்கவில்லை. 'பழம்' என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். வயிறு சரியாகட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

ஆடிக் கடைசியில் அம்மன் கோயில் கொடைக்கு இசக்கிச்செல்வி வந்தாள். இசக்கிராஜாவின் தங்கை, ராதாபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது. கொடைச் சோற்றைப் பிசைந்து அண்ணனுக்கு ஊட்டப் போனாள். சாப்பாட்டுக்கு ஒருநாளும் முகம் சுளிக்காதவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மடியில் சாய்த்துத் தடவிக் கொடுத்தவள் கை வயிற்றில் பட்டது.

"எம்மா, இங்கன தொட்டுப் பாரு. கல்லு மாதிரி இருக்கு."

"திங்கதும் படுக்கதும்னு இருந்தா தொந்தி போடாம என்ன செய்யும்?"

"தொந்தி இல்லம்மா இது. தொட்டாலே துடிக்கான்."

பக்கத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். இசக்கிராஜா முனகிக் காலை உதைத்ததில் அவர் மேஜைக்கு அந்தப் பக்கமே இருந்துகொண்டார். "இவங்களுக்கெல்லாம் இப்படித்தாம்மா அப்பப்ப வரும். மாத்திரைய ஒழுங்கா குடுக்கீங்களா?" என்றார். பேச்சித்தாய் மடியிலிருந்து அட்டைகளை எடுத்துப் பெருமையாகக் காட்டினாள். அமைதிப்படுத்த ஒரு ஊசி போட்டு அனுப்பினார். ஒரு நாள் முழுக்கத் தூங்கினான். மறுநாள் காலையில் எழுந்து வாந்தி எடுத்தான். அந்த வாந்தியில் மல வாடை அடிக்கிறது என்று செல்வி போனில் சொன்னபோதுதான், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நான் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது.

வேன் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். நான் முன் சீட்டில். பின்னால் அம்மா மடியில் தலை, தங்கை மடியில் கால். துண்டைத் தோளிலிருந்து எடுக்க விடவில்லை. வழியெல்லாம் ஆறு கூடவே வந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் மதுமதி என்று ஒரு அறுவைச் சிகிச்சை டாக்டர், முப்பது வயதுகூட இருக்காது. வந்ததும் அவன் வயிற்றில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் பேச்சித்தாயைப் பார்த்துக் கேட்டாள்.

"கடைசியா என்னைக்குமா வெளிக்குப் போனார்?"

அவன் வாழ்நாளில் அவனுக்கு மரியாதை கொடுத்துச் சொன்ன முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். நாலு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆளும் அவள்தான்.

"தெனமும் போவுதானேம்மா," என்றாள் பேச்சித்தாய். "வாளி நெறய தண்ணி வைப்பேன். வெளிய வாரப்ப பாதிதான் இருக்கும்."

இசக்கிச்செல்வி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியது தெரிந்தது. "எம்மா, நான் வாரப்பல்லாம் பாத்திருக்கேன், அவன் மக்கில மோந்து மோந்து ஊத்தி வெளயாடுவான். அப்பா கூட கால்வாயில ஊத்தி வெளயாடுவாம்லா, அது மாதிரி. அதுக்குத்தான் உள்ளயே போவான். உனக்குத் தெரியாதா?"

பேச்சித்தாய் கையில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் எனக்குக் காட்டினாள். ஆஸ்பத்திரிக்காரன் என்று சொல்லியிருந்தேன். விலாவெலும்பு வரைக்கும் மலம். குடல் ஓரிடத்தில் கிழிந்துவிட்டது. என்னென்ன மாத்திரை என்று கேட்டாள். பார்க்காமலே ஒப்பித்தேன், அளவோடு. எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"இத்தனையும் சேத்தா? மலம் இளக எதுவும் குடுக்கலையா, சார்?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. எங்கள் ஸ்டோரில் இரண்டாவது தட்டில் மலமிளக்கி மருந்து நாற்பது பாட்டில் இருந்தது. கேட்பாரில்லாமல் காலாவதியாகி, பங்குனி மாசம் நானே அட்டைப்பெட்டியில் போட்டு, பட்டியல் எழுதி, கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பட்டியலில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் காலை பத்தரை மணிக்கு இசக்கிராஜா செத்துப்போனான்.

ஊருக்குக் கொண்டுவந்தபோது கூட்டம் கூடியது. வந்தவர்கள் அழுதார்கள் என்று சொல்ல முடியாது. பெருமூச்சு விட்டார்கள். "எப்படியோ, பேச்சிக்கு விடுதல" என்றார்கள். "இவளுக்குப் பொறவு யாரு பாப்பா? சாமியாப் பாத்து எடுத்துக்கிட்டுது" என்றார்கள். டீக்கடை பூதத்தான் அதையே மூன்றாவது தடவை சொன்னபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன்வே, உம்ம மகன் செத்தா உமக்கு விடுதலையாவே?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் உண்மையில் எனக்குக் கோபம் பூதத்தான் மேல் இல்லை. சாமியை எதற்கு இழுக்கிறான், எடுத்தது யார் என்று எனக்குத் தெரியுமே என்றுதான் ஆத்திரம்.

இப்போது ஜன்னலில் வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறேன். "வெளிக்குப் போவுதானா? எத்தன நாளைக்கு ஒருக்க? நீ கண்ணால பாத்தியா?" வாயால் பேசத் தெரியாத தம்பிக்கு மாத்திரை வாங்க வரும் நஸீமா, முதல் தடவை கேட்டபோது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பதில் சொல்லாமல் போய்விட்டாள். இன்னொருத்தி மேலே போய்ப் புகார் சொல்லிவிட்டாள்; கம்பவுண்டருக்கு வயசாகி புத்தி கெட்டுவிட்டது, பொம்பளைகளிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறார் என்று. பெரிய டாக்டர் கூப்பிட்டு, மருந்து கொடுப்பது மட்டும் உங்கள் வேலை என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, திரும்பவும் கேட்கிறேன். அடுத்த மாசம் நஸீமா மெதுவாகச் சொன்னாள், ஒன்பது நாள் ஆயிற்றாம். டாக்டரிடம் சொல்லிச் சீட்டு எழுத வைத்து, புதிதாகத் தருவித்த மலமிளக்கியில் ஒரு பாட்டில் கொடுத்தேன். இதை நல்ல காரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இருபத்தாறு வருஷம் பிந்தி வந்த கேள்வி.

நான் கேட்க ஆரம்பித்தது ஒரு குறிப்பிட்ட வியாழக்கிழமையிலிருந்து. இசக்கிராஜா செத்துப் பதினாறு முடிந்த மறுநாள். வரிசையில் பத்தாவதாகப் பேச்சித்தாய் நின்றாள். கூப்பிட்டு முன்னால் வரச் சொல்லலாம் என்று நினைத்தேன், அடுத்த ஆளின் அட்டையை எண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொருவராகக் கொடுத்து முடித்து, அவள் முறை வந்தது. மஞ்சள் பையிலிருந்து அட்டைகளை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். நூலால் கட்டி வைத்திருந்தாள், பீடிக் கட்டு மாதிரியே.

"எதுக்கும்மா இது?"

"நீங்கதான காட்டணும்னு சொல்லுவிய. கடைசி மாசத்து அட்ட. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்குக் காலையில வரைக்கும் குடுத்திருக்கேன். மிச்சம் எட்டு நாள் மாத்திர அப்படியே இருக்கு. வேற பிள்ளைக்கு ஆகும்லா."

அட்டைகளை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

"வயித்தால போவதுக்குக் குடுத்திய பாருங்க, அதுலயும் ரெண்டு இருக்கு," என்று அதையும் எடுத்து வைத்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். பேச்சித்தாய், உன் மகன் முரண்டு பிடிக்கவில்லை, வலியில் அழுதான். அவனுக்கு வயிற்றால் போகவில்லை, அடைத்துக் கிடந்தது. கட்டியது நான் கொடுத்த மாத்திரை, பூட்டியதும் நான் கொடுத்த மாத்திரை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பின்னால் ஆட்கள் நின்றார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகு அவள் வீட்டு வழியாகப் பல தடவை போயிருக்கிறேன், அங்கே யாரும் நிற்கவில்லை, அப்போதும் சொல்லவில்லை. இதோ எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.

"ஒரு வேள தப்பல, ஐயா," என்றாள் பேச்சித்தாய். "மழையானாலும் குடுத்தேன், கொடையன்னைக்கும் குடுத்தேன். துப்புவான், மூக்கப் பிடிச்சுக் குடுத்தேன். கடைசில நல்லா அடங்கித்தான் இருந்தான். மருந்து நல்லாக் கேட்டுச்சு."

நூலை அவிழ்த்தேன். இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாக எண்ணியது. அவள் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்த்து நின்றாள்.

"சரியா இருக்கு, பேச்சி," என்றேன்.